குடியேறிய குடும்பங்களின் வரலாறு: கல்லில் இடம்பெறாதவர்கள்

 குடியேறிய குடும்பங்களின் வரலாற்றை ஆராயும் இந்தக் கருத்தரங்கில் முதலில் இரு குடும்பங்களைப் பார்ப்போம்.

1689ஆம் ஆண்டில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் எலிஹூ யேல். அவர் பிறந்தது அமெரிக்காவின் பாஸ்டனில், 1649இல். அவருடைய பாட்டி ஆன், கணவரை இழந்தபின் தியோஃபிலஸ் ஈட்டனை மணந்தவர். அந்த ஈட்டன் 1638இல் நியூ ஹேவன் குடியேற்றத்தை அமைத்தவர்களில் ஒருவர், அதன் முதல் ஆளுநரும் அவரே. முகலாயரோடு மூண்ட போரால் வங்கத்தை விட்டு வெளியேறிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் ஜோப் சார்னாக்கும் அதே 1689இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 19 அன்று கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் அவருடைய மகள்கள் மேரி, எலிசபெத், கேத்தரின் மூவரும் திருமுழுக்குப் பெற்றார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று சார்னாக், பின்னாளில் கல்கத்தாவின் பகுதியான சுதாநுட்டியில் வந்து இறங்கினார்.

இந்த இரு குடும்பங்களிலும் ஒவ்வொரு பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆன் 1640களில் நியூ ஹேவன் திருச்சபையின் விசாரணைக்கு ஆளாகி விலக்கப்பட்டவர். அந்தச் செய்தி இன்றும் ஏட்டில் இருக்கிறது. சார்னாக்கின் மனைவி இந்நாட்டுப் பெண். இதே கல்கத்தாவில், புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும் சார்னாக் கல்லறைக்குச் சென்று பாருங்கள். லத்தீன் கல்வெட்டில் சார்னாக் இருக்கிறார், மூத்த மகள் மேரி இருக்கிறார், மண்டபம் எழுப்பிய மருமகன் சார்லஸ் அயரும் இருக்கிறார். அந்த மகள்களைப் பெற்றவள் அதில் இல்லை. அவளைச் சார்னாக் உடன்கட்டைச் சிதையிலிருந்து மீட்டார் என்ற கதையோ, அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின், 1727இல் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் வெளியிட்ட நூலில் வருவது. அந்தக் கல்லறைக் கல் சென்னைப் பல்லாவரம் பக்கத்துப் பாறை வகை. நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட் அதற்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். கல்லின் பிறப்பிடம் வரை நமக்குத் தெரிகிறது. அந்தத் தாயின் பிறப்பிடத்தை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

குடியேறியவர் வரலாற்றை எழுதும்போது, முன்பே அங்கு வாழ்ந்தவர்களும் மறைந்துபோகிறார்கள். நியூ ஹேவன் எழுந்தது குவினிபியாக் மக்களின் மண்ணில். கல்கத்தாவுக்குச் சார்னாக்கை நிறுவனராகக் கொள்ள முடியாது என்று உயர் நீதிமன்றம் 2003இல் முடிவு செய்தது. அந்த வழக்கைக் கொண்டுவந்தது சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தார். 1698இல் அந்தக் குடும்பத்திடமிருந்தே கம்பெனி சுதாநுட்டி உள்ளிட்ட மூன்று கிராமங்களின் உரிமையைப் பெற்றது.

அமெரிக்கக் குடியேறிகளின் வம்ச வரலாறு இவ்வளவு விரிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. தேவாலயப் பதிவேடு, உயில், நிலப் பத்திரம் ஆகியவற்றைச் சந்ததியினர் தேடித் தொகுத்தார்கள். அதற்கென்றே 1845இல் பாஸ்டனில் ஒரு சங்கம் கண்டார்கள். அந்த உழைப்பு நமக்கும் வேண்டும்.

நாம் கூடியிருக்கும் இந்த லேக் மார்க்கெட் பகுதியும் குடியேறியவர்களின் பகுதிதான். அலுவலக வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் ஏரியைச் சுற்றிய தெருக்களில் வாடகைக்கு இருந்தன. அவர்களுக்காகச் சந்தைக்கு வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பிக்கொட்டையும் வந்தன. அந்த வாழ்வின் சான்றுகள் பரணில் கிடக்கின்றன: வாடகை ரசீதுகள், ரேஷன் கார்டுகள், ஜாதக நோட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், ஊரிலிருந்து வந்த இன்லண்டு கடிதங்கள். வீடு மாறும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவதும் இவைதான்.

ஆகவே இக்கருத்தரங்கின் முன் மூன்று கடமைகளை வைக்கிறேன். முதலாவது, தாய்வழியையும் எழுதுங்கள். பாட்டியின் பெயர், பிறந்த ஊர், அவள் இந்த நகருக்கு வந்த ஆண்டு, வந்த காரணம் எல்லாம் பதிவாகட்டும். இரண்டாவது, காகிதம் சேர்க்க வசதியில்லாத சமையல்காரர், பூ விற்றவர், கூலி வேலை செய்தவர் குடும்பங்களின் வாய்மொழியைக் குரலிலேயே பதிந்து வையுங்கள். அவர்களோடு பக்கத்து வீட்டு வங்காளிகளின் நினைவுகளும் சேரட்டும். மூன்றாவது, குடும்பக் கதையைத் தூக்கி எறியவும் வேண்டாம், அப்படியே வரலாறாக்கவும் வேண்டாம். யார், எப்போது, யாரிடம் கேட்டுச் சொன்னது என்பதைக் குறித்துவிட்டு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

யாருக்கு எழுத்தும் கல்லும் வாய்த்தனவோ, அவர்களையே நாம் முன்னோர் என்று கொண்டாடி வந்திருக்கிறோம். அவர்களுடைய மனைவியர், பணியாளர், அண்டை வீட்டார் ஆகியோரைச் சேர்க்காத எந்தக் குடும்ப வரலாறும் பாதி வரலாறே. மறுபாதியைத் தேடும் வேலை முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே நடக்க வேண்டும். இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் அந்தத் தேடலில் ஒரு பெயரையாவது மீட்டுத் தரட்டும் என்று வேண்டிக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.