வார் தைத்தவர்

(கலைக்குழுத் தோழர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘கவிதையும் விடுதலையும்’ என்று தலைப்புக் கொடுத்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதைப் பேச இங்கே வேறு பலர் இருக்கிறார்கள். நான் ஒரு தோல் வாரைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இரண்டு விரல் அகலம், ஐந்தடி நீளம். எங்கள் குழுவில் இருக்கும் பான்ஜோவுக்காகத் தைத்த வார்.

பான்ஜோ என்றதும் நம்ம ஊரில் பலருக்கும் பலகையில் கட்டை வைத்து அழுத்தி வாசிக்கிற புல்புல்தாராதான் ஞாபகம் வரும். அது ஜப்பானிலிருந்து வந்த ஒரு கருவியின் வழிவந்தது. நான் சொல்வது அமெரிக்க பான்ஜோ. வட்டமான மரவளையம், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், நீண்ட கழுத்து, ஐந்து கம்பி. பக்கத்திலிருந்து பார்த்தால் பறைக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு தோழர் பழைய கருவி ஒன்றை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஏற்கனவே மின்சாரப் பிக்கப் பொருத்தியிருந்தது. வார் மட்டும் இல்லை.

குழுவில் ஒரு தம்பி நாலே மாதத்தில் அதை வாசிக்கப் பழகிவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பான். எங்களுடையது வீதியில் ஆடுகிற குழு. பறை அடிக்கிறவன் ஆடுகிறான், பாடுகிறவள் நடக்கிறாள், இவன் மட்டும் ஒரு ஓரத்தில் நாற்காலியில். ‘வார் மாட்டிக்க, எந்திரிச்சு நில்லு’ என்றேன். அவன் சொன்னான்:

“அண்ணே, எங்க தாத்தா தோள்ல வார்த் தடம் இருந்துச்சு. ஊர்க்காரன் வீட்டுச் சாவுக்கெல்லாம் பறையைத் தோள்ல தொங்கவிட்டுக்கிட்டுப் போவாரு. சட்டை போடாத ஒடம்புல அந்தத் தடம் தனியாத் தெரியும். எந்தோள்ல இனிமே எதையும் தொங்கவிட மாட்டேன்.”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 1990களில் நம் இயக்கங்களுக்குள் இதே வாதம் எத்தனை சூடாக நடந்தது என்று மூத்த தோழர்களுக்குத் தெரியும். பறை நம்மேல் சுமத்தப்பட்ட சாதித் தொழிலின் அடையாளம், அதைக் கீழே போடு என்றது ஒரு தரப்பு. அது நம்முடைய கலகக் கருவி, அதைக் கையில் எடு என்றது இன்னொரு தரப்பு. இரண்டுமே அவமானத்தின் வலியிலிருந்து வந்தவைதான். சாவு வீட்டுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடி வாங்கிய சேரிகள் உண்டு. அப்படியிருக்க, வாரை மாட்டிக்கோ என்று உத்தரவு போட நான் யார்?

அன்றைக்கு ராத்திரி அவனிடம் அந்தக் கருவியின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்களிடம் அக்கோன்டிங் என்று ஒரு கருவி இருக்கிறது. சுரைக்குடுக்கையை அறுத்து, அதன் வாயில் ஆட்டுத்தோலை இழுத்து மூடி, ஒரு கழியைக் கழுத்தாகச் செருகி, மூன்று நரம்பு பூட்டியது. அதில் ஒன்று குட்டை நரம்பு, அது கட்டைவிரலுக்கு. இப்படிப்பட்ட கருவிகளின் ஞாபகத்தை மட்டும் தலைக்குள் வைத்துக்கொண்டு கப்பலேற்றப்பட்டவர்கள், கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் கிடைத்ததை வைத்து மறுபடி செய்தார்கள். அதுதான் பான்ஜோ. 1687இல் ஜமைக்காவுக்குப் போன ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர், அடிமைகளின் கையில் பார்த்த இத்தகைய கருவிகளை 1707இல் வெளிவந்த தன் நூலில் படத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் எழுந்தார்கள். முரசு கொட்டி ஆள் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். அடக்கி முடித்த கையோடு 1740இல் சட்டம் வந்தது: அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது. தோலின் சத்தத்துக்கு ஆண்டைகள் எவ்வளவு பயந்தார்கள் பாருங்கள். அதே தென் கரோலினாவில் 1785-90 வாக்கில் ஜான் ரோஸ் என்ற தோட்ட முதலாளி ஓர் ஓவியம் வரைந்தான். அதில் ஒருவர் உட்கார்ந்து சுரைக்குடுக்கை பான்ஜோ வாசித்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் ஆட்டம். சட்டம் போட்டும் தோல் வாயை மூடவில்லை.

பிறகுதான் திருட்டு. 1830களில் வர்ஜீனியாவில் ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளைக்காரன் கறுப்பு வாசிப்பாளர்களிடம் பார்த்துக் கற்று, அதை மேடைக்குக் கொண்டுபோனான். 1843இல் நியூயார்க்கில் நான்கு வெள்ளையர்கள் ‘வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, முகத்தில் கரியைப் பூசி, கறுப்பர்களைக் கோமாளிகளாக்கி ஆடினார்கள். கூட்டம் அலைமோதியது. அந்த வகை ஆட்டத்தில் வந்த ஒரு கோமாளிப் பாத்திரத்தின் பெயர்தான் ஜிம் குரோ. பின்னால் கறுப்பர்களைத் தனி இருக்கை, தனிக் குழாய், தனிப் பள்ளி என்று ஒதுக்கிய சட்டங்களுக்கு அந்தப் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் கேலி, அப்புறம் சட்டம்.

அந்தக் கேலியைத் தாங்க முடியாமல், தன் கையிலிருந்த கருவியே தன்னைப் பழிக்கிற மாதிரி ஆகி, கறுப்பர்களில் பலர் பான்ஜோவைக் கீழே வைத்தார்கள். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர் பாட்டு ஒரு பட்டியல், வெள்ளைக் கிராமத்தார் பாட்டு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றன. பான்ஜோ வெள்ளைப் பட்டியலில் போய் உட்கார்ந்தது. கறுப்பு பான்ஜோக்காரர்களில் மிகச் சிலர்தான் தட்டில் பதிவானார்கள். நூறு வருஷத்தில் அது வெள்ளைக்காரன் கருவி என்று உலகமே நம்பியது. கருவி மேடையேறியது, அதைச் செய்தவர்கள் வெளியே நின்றார்கள்.

2005இல் வட கரோலினாவின் பூன் நகரத்தில் கறுப்பு பான்ஜோ வாசிப்பாளர்கள் ஒரு கூடுகை நடத்தினார்கள். அதையொட்டிச் சேர்ந்த மூன்று இளைஞர்கள், எண்பது வயது தாண்டிய ஜோ தாம்சன் என்ற கறுப்பு பிடில் கலைஞரின் வீட்டுக்கு வாராவாரம் போய் உட்கார்ந்து பாட்டுப் படித்தார்கள். ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ என்று குழு தொடங்கினார்கள். 2011இல் கிராமி விருது வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் ரியானன் கிடன்ஸ். 2024இல் பியான்சேயின் பாட்டு ஒன்று ஊரெல்லாம் ஒலித்ததே, அதன் தொடக்கத்தில் கேட்கிற பான்ஜோ அவர் வாசித்தது. கீழே வைத்ததைத் திரும்ப எடுத்தார்கள். எடுக்கும்போது, இது எப்படி எங்கள் கையை விட்டுப் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டதும் உங்களுக்குத் தெரிந்த செய்திகள். நான் புதிதாக உறவு எதையும் கட்டவில்லை.

தம்பி எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில், “சரிண்ணே, வார் போடுவோம். ஆனா எந்தோளுக்கு அளவெடுத்துத் தைக்கணும். யாரோ மாட்டிவிட்ட மாதிரி இருக்கக் கூடாது” என்றான்.

முதலில் நானே ஒரு நைலான் பட்டையும் இரண்டு இரும்புக் கொக்கியும் வாங்கி மாட்டினேன். ஒரு முனையைக் கழுத்தின் நுனியில், முறுக்காணிப் பக்கம் கட்டினேன். அது தப்பு. பான்ஜோ எடை கிட்டத்தட்ட 5 கிலோ. பாரம் கழுத்தை இழுத்தது, சுதி நகர்ந்தது. ஸ்பீக்கரைப் போட்டதும் கிர்ர்ரென்று ஒரு சத்தம். இரும்புக் கொக்கி வளையத்தில் உரசுகிற சத்தம். பிக்கப்புக்குக் கம்பி அதிர்வும் கொக்கி அதிர்வும் ஒன்றுதான், எது வந்தாலும் பெரிசாக்கிக் கொடுத்துவிடும். போதாக்குறைக்குக் கீழே கிடந்த வயரை நானே மிதித்தேன், ஜாக் பிடுங்கிக்கொண்டது.

திண்டுக்கல்லில் பேருந்து நிலையத்துப் பக்கம் செருப்புத் தைக்கிற ஒரு பெரியவரிடம் போனோம். அருந்ததியர். பான்ஜோவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். விரலால் தோலைச் சுண்டினார். “இது எந்த ஊருப் பறை தம்பி?” என்றார். அப்புறம் சுற்றிலும் இருந்த கொக்கிகளை எண்ணினார். 24. “இத்தனை கொக்கி இருக்கையில எதுக்குத் தலையில கட்டுனீங்க?” என்றார்.

வளையத்தைச் சுற்றித் தோலை இறுக்கிப் பிடித்திருக்கிற கொக்கிகள் அவை. அந்த ஏற்பாடு பான்ஜோவுக்கு முரசிலிருந்து வந்தது. 1840களில் பால்டிமோரில் பான்ஜோ செய்து விற்ற வில்லியம் பௌச்சர் அடிப்படையில் முரசு செய்கிறவர். அதற்கு முன்னால் தோலை ஆணியடித்துத்தான் வைத்திருந்தார்கள். மழை ஈரத்தில் தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்ட வேண்டும், நம் பறை மாதிரியே.

பெரியவர் செய்ததைச் சொல்கிறேன், மற்றக் குழுக்களுக்கு உதவும். கழுத்து வளையத்தோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி, கம்பிகளின் கடைசிமுனை கட்டியிருக்கும் பக்கம் ஒரு கொக்கி, இரண்டையும் தேர்ந்தெடுத்தார். வாரை மேல்பக்கக் கொக்கிகளுக்குள்ளே நுழைத்து எடுத்தார். பாரம் ஒரே கொக்கியில் விழாது. முனைகளை மெல்லிய தோல் கயிற்றால் முடிந்தார். இரும்பு எங்கேயும் இல்லை, அதனால் உரசல் சத்தமும் இல்லை. எந்தக் கொக்கியின் திருகையும் தளர்த்தவில்லை. தளர்த்தினால் தோலின் இறுக்கம் ஒருபக்கமாகப் போய்விடும். மரவளையத்தில் ஓட்டை போடவும் இல்லை. தம்பியை நிற்க வைத்து, இடது தோளிலிருந்து முதுகு வழியாக அளவெடுத்தார். தோள்படும் இடத்தில் மட்டும் உள்பக்கம் மெத்தென்று இன்னொரு தோல் வைத்துத் தைத்தார். நாங்கள் கேட்காமலே, முதுகுப் பக்கம் ஒரு சின்ன வளையம் தைத்து, “வயரை இதுக்குள்ள ஒரு சுத்துச் சுத்தி விடுங்க, மிதிச்சாலும் வார்தான் இழுபடும்” என்றார். பிக்கப் என்ற வார்த்தையே அவர் கேள்விப்பட்டதில்லை. இழுக்கிற பொருள் எங்கே பிய்யும் என்பது அவருக்குத் தெரியும். ஊளைச் சத்தத்துக்கு மட்டும் நாங்களே வழி கண்டுபிடித்தோம். ஸ்பீக்கரின் சத்தம் தோலில் பட்டு, திரும்பவும் பிக்கப்பில் ஏறுவதால் வருவது அது. தோலுக்குப் பின்னால் ஒரு துணியை மடித்து வைத்து, ஸ்பீக்கருக்கு விலகி நின்றால் அடங்கிவிடுகிறது.

நிகழ்ச்சி நன்றாக நடந்தது. தம்பி நின்று வாசித்தான், நடந்தான், கடைசிப் பாட்டுக்கு ஆடவும் செய்தான். நோட்டீஸ் எழுதியது நான். பான்ஜோ கொடுத்த தோழரின் பெயர் போட்டேன். ஒலிபெருக்கிக்காரர் பெயர் போட்டேன். என் பெயருக்கு முன்னால் ‘கவிஞர்’ என்றும் போட்டுக்கொண்டேன். வார் தைத்தவர் பெயரைப் போடவில்லை. போடக் கூடாதென்று நினைக்கவில்லை, நினைவே வரவில்லை. கருவி மேடையேறியது, அதைச் செய்தவர்கள் வெளியே நின்றார்கள் என்று மணிக்கணக்காகப் பேசியவன் நான்தான்.

மறுநாள் குற்றவுணர்ச்சியோடு அவரிடம் போய், “அடுத்த நோட்டீஸ்ல உங்க பேரைக் கட்டாயம் போடுறோம் அய்யா” என்றேன். ஊசியை நிறுத்தாமலே சொன்னார்:

“பேரு கெடக்கட்டும் தம்பி. நான் கேட்டது அறுநூறு. நீங்க குடுத்தது நானூத்தம்பது. மொதல்ல அதக் குடுங்க.”

உண்மைதான். பேரம் பேசியிருந்தேன். வங்கியில் பணம் எண்ணுகிற வேலை எனக்கு, ஆனால் இந்தக் கணக்கு என் கண்ணில் படவே இல்லை. ஒலிபெருக்கிக்காரர் மூவாயிரம் கேட்டார், மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். தோல் வேலைக்கு மட்டும் ‘பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று வாயில் வந்தது. பறையர் வீட்டுப் பிள்ளை நான். என் அப்பாவிடம் ஊர்க்காரன் இப்படித்தான் கூலியில் கை வைத்திருப்பான். அந்தப் பழக்கம் எனக்குள் இறங்கி, எனக்கும் கீழே ஓர் ஆளைத் தேடியிருக்கிறது. நமக்குள்ளேயே இருக்கிற இந்தப் படிக்கட்டை ஒத்துக்கொள்ளாமல் தலித் ஒற்றுமை என்று மேடையில் முழங்குவது, கொக்கி உரசலோடு ஸ்பீக்கரைப் போடுகிற மாதிரிதான். சத்தம் வெளியே வந்தே தீரும்.

பாக்கியைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கி, பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகுதான், “அந்தப் பையன் வாசிச்சானா? வார் தோள்ல வெட்டலயே?” என்று கேட்டார். வெட்டவில்லை என்றேன். “அப்ப சரி” என்றார்.

இன்று பறை கல்லூரி விழாக்களில் ஒலிக்கிறது, நகரத்துப் பயிற்சி வகுப்புகளில் எல்லோரும் படிக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் தோல் பதனிட்டவர் யார், சட்டம் செய்தவர் யார், அவர்களுக்கு என்ன கூலி போனது என்று நாம் கேட்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. பான்ஜோ போன வழி நம் கண் முன்னால் இருக்கிறது.

எங்கள் குழுவின் கணக்கு நோட்டில் இப்போது ஒரு பக்கம் தனியாக வைத்திருக்கிறோம். தோல், மரம், தையல், கேட்ட கூலி, கொடுத்த கூலி. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்த மாதம் இரண்டு பறைக்குத் தோல் மாற்ற வேண்டியிருக்கிறது. தம்பிதான் போய் விலை கேட்கப் போகிறான். நான் கூடப் போவேன். வாயைத் திறக்க மாட்டேன்.

ஜெய்பீம்.