குளம் என்றொரு சொல்



பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் வளர்ந்தோருக்கும் படிப்பித்துவிடலாம் என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. எனக்கும் இருந்தது. மீள்குடியேற்றத்தின் பின், 2012இல், வவுனியா வடக்கிலே ஒரு சனசமூக நிலையத்துக்கு மாலை வகுப்பு நடத்தச் சென்றபோது, பாலர் வகுப்புப் புத்தகத்தையே கொண்டுபோனேன். 'ஆடு' என்று படத்தைக் காட்டினேன்.

"தம்பி, நாப்பது ஆடு வளர்த்தனான். எனக்கு ஆட்டைக் காட்டித் தாறியளோ?" என்றார் ஓர் ஆச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பாதிப்பேர் வரவில்லை. ஆச்சி வந்தார். தமது காணி உத்தரவுப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு அறிய வேண்டியிருந்தது. அதுவரை யாரோ வாசித்துச் சொல்ல, கைநாட்டு வைத்தே பழகியவர்.

அன்றிரவு, முன்பு வாசித்திருந்த பாவுலோ பிரெய்ரேயை நினைத்துக்கொண்டேன். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்தவர் அவர். கற்போரின் வாழ்விலிருந்தே சொல்லை எடுப்பது அவர் முறை. 'செங்கல்' என்றால், முதலில் செங்கல்லைப் பற்றிப் பேச்சு. பிறகுதான் அசை பிரித்துப் புதுச் சொற்கள் கட்டுவது. 1964 இராணுவ ஆட்சி அவரைச் சிறையிலிட்டது. எழுத்தறியாதவருக்கு அன்று அங்கே வாக்குரிமை இல்லை என்பதையும் சேர்த்து நினையுங்கள், காரணம் விளங்கும்.

வன்னியிலே சொல்லுக்கா பஞ்சம்? செட்டிகுளம், பண்டாரிகுளம் என்று ஊர்ப்பெயர்களே எடுத்துத் தருகின்றன. கரும்பலகையில் 'குளம்' என்று எழுதினேன். அன்று முழுவதும் கட்டு உடைந்த கதை, துருசு திறந்த கதைதான். அடுத்த நாள் க, ள, ம வரிசைகள். கமம், களம், மிளகு, காளை, மகள்: எல்லாம் அவர்களே கட்டிய சொற்கள். 'மகள்' என்று எழுதிய ஒரு தாய் வெகுநேரம் பலகையை விட்டு நகரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது இளம் ஆசிரியர்களைப் பயிற்றும்போது, பாடக்குறிப்பு எழுதுமுன் ஒரு வாரம் வாய்க்கால் வரம்பிலும் சங்கக்கடை வாசலிலும் இருந்து பேச்சைக் கேட்டு வரச் சொல்கிறேன். பட்டதாரிக்கு இது ஒரு வேலையா என்று சிலர் முணுமுணுப்பதுண்டு.

மூன்றாம் மாதம் ஆச்சி பத்திரத்தின் பிரதியோடு வந்தார். எல்லைகள் எழுதிய இடத்தில் விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. "கி...ழக்கு... குளம்." நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, என்ர காணிக்குக் குளம் மேற்குப் பக்கமெல்லோ?"

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவருமாக அலுவலகத்துக்குப் புறப்பட்டோம்.