தேயிலைப் பெட்டியும் உடைந்த வாங்கும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கழித்துப் போட்ட பொருட்களிலிருந்து தளபாடம் செய்வது, வீட்டை அழகுபடுத்துவது பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். உள்ளக வடிவமைப்புத் தொழிலில் இருப்பவர்கள் இதை இப்போது புதிய கலை என்கிறார்கள். நம் ஊவாத் தோட்டங்களில் இது பழைய கலை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஒரு குடும்பம் படுக்கவும் சமைக்கவும் பிள்ளைகள் படிக்கவும் வேண்டியிருந்தபோது, நம் தாய்மார் வளர்த்த கலை அது.

தேயிலைப் பெட்டி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒட்டுப்பலகையில் செய்து, ஓரங்களில் தகரப் பட்டி அடித்து, உள்ளே உலோகத்தாள் விரித்திருப்பார்கள். ஏறத்தாழ 100 இறாத்தல் தூள் பிடிக்கும். ஒரு காலத்தில் அந்தப் பலகை பால்டிக் கடலோரத்து எஸ்தோனியாவிலிருந்தும் வந்தது. பிற்காலத்தில் காலிக்குப் பக்கத்திலுள்ள கிந்தோட்டையிலும் செய்தார்கள். உடைந்து ஒதுக்கிய பெட்டிகள் லயத்துக்கு வரும். ஒன்றை நிமிர்த்தி வைத்துப் பழைய சேலைத் துண்டைத் திரையாகக் கட்டினால் அலுமாரி. இரண்டின்மேல் ஒரு பலகையைப் போட்டால் படிக்கும் மேசை. பிரித்து ஆணியடித்தால் காம்பராவுக்கு நடுவே ஒரு தடுப்பு. வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு உடுப்பு மாற்ற ஒரு மறைவைத் தந்தது அந்தத் தடுப்புத்தான். பிறகு கடதாசிச் சாக்குகள் வந்தன, பெட்டிகள் மறைந்துபோயின.

அந்த மேசையில் படித்த நம்மில் சிலர், கூட்டாளிகளை வீட்டுக்கு அழைக்கக் கூச்சப்பட்டோம். 1934இல் நெதர்லாந்தின் கெரிட் ரீட்வெல்ட் என்ற வடிவமைப்பாளர், பொதிப்பெட்டி செய்யும் மலிவுப் பலகையில் கதிரை செய்தார். அது உலகப் பொருளாதார மந்த காலம். அவருடைய கதிரைகளை இன்று நூதனசாலைகளில் வைத்திருக்கிறார்கள். அவர் செய்ததையும் நம் தாய்மார் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எண்ணம் ஒன்றுதான். அவருடையதற்குப் பெயர் இருந்தது. நம் தாய்மாருடையதை வறுமை என்று சொல்லிவிட்டோம்.

நம் மொனராகலையின் இறப்பர் மரத்தையும் பாருங்கள். 30 ஆண்டளவில் பால் குறைந்ததும் வெட்டிவிடுவார்கள். நெடுங்காலம் அது வெறும் விறகு. அந்த வெள்ளை மரத்தில் மாச்சத்து அதிகம்; அதனால் பூஞ்சணமும் வண்டும் விரைவில் பிடிக்கும். அறுத்த கையோடு போரன் உப்புக் கரைசல் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் தாங்கும் என்று கண்ட பிறகு, அதே மரம் கதிரையாகவும் விளையாட்டுச் சாமானாகவும் கப்பலேறுகிறது. கந்தப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை இடிக்காமல், கொழுந்து வாட்டிய மாடிகளை அறைகளாக்கி, 1996இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். மரமும் கட்டடமும் மாறவில்லை. பார்த்த கண் மாறியது.

இப்போது நம் வீட்டு விடயத்துக்கு வருகிறேன். புதிய தளபாடம் வாங்க வெளிநாட்டுச் சகோதரிகள் பணம் அனுப்பியிருக்கிறார்கள்; அவர்களுக்கு நன்றி. ஆனால் பின்வளவில் மழையில் அடுக்கிக் கிடக்கும் பழைய வாங்குகளை ஏலத்தில் கொடுக்கப் போகிறோம். வாங்குகிறவர் அடுப்புக்குத்தான் வாங்குவார். நான் போய்ப் பார்த்தேன். பலவற்றில் இருக்கைப் பலகை நல்ல பலா, சில தேக்கு. பல ஆண்டுகள் காய்ந்து இறுகிய மரம். புதிய மரம்போல எளிதில் சுருங்காது, கோணாது. பழுது பெரும்பாலும் காலின் அடியில்தான். கழுவிய சீமெந்துத் தரையில் ஈரம் ஏறி உளுத்திருக்கிறது.

வழி எளிது. உளுத்த அடியை நான்கு காலிலும் ஒரே அளவாக அறுத்தால், அந்த வாங்கு ஆரம்பப் பிரிவுச் சிறுமிகளுக்குச் சரியான உயரம். மிகவும் உடைந்த இரண்டிலிருந்து நல்லதொன்று செய்யலாம். மிஞ்சும் பலகை நூலகத் தட்டாகும். இரண்டு எச்சரிக்கைகள்: பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதனால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கவேண்டும். சிறு பிள்ளைகளை அந்த வேலைக்கு விடக்கூடாது. ஆணிகளை முழுதும் பிடுங்கிய பிறகே வாள் வைக்கவேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, உரிய அனுமதி பெற்று, ஏலத்துக்கு முன் அந்த வாங்குகளைத் திருத்துவோம். ஊர்த் தச்சர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, உயர்தர மாணவிகள் பக்கத்தில் நின்று பழகட்டும். உளியும் வாளும் ஆண்பிள்ளைகளின் சாமான் என்ற பேச்சு இந்த வளவிலாவது ஒழியட்டும். ஆணியடித்துத் தடுப்புக் கட்டிய தாய்மாரின் பிள்ளைகள் நாம்.

இன்னுமொன்று. அம்மாவோ பாட்டியோ செய்த ஒரு பெட்டி மேசை, ஒரு சாக்குப் பாய் உங்கள் வீட்டில் இருந்தால், அதைப் படமெடுத்து, செய்தவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். திருத்திய நூலகத் தட்டொன்றில் அந்தப் படங்களை வைப்போம். செய்தவர்களின் பெயர் அங்கே இருக்கட்டும்.