நேட்டாலுக்குப் போன கொள்ளுத்தாத்தா
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



கணக்கு எழுதுகிறவள் மைக்கைப் பிடித்தால் தவணை பாக்கியைத்தான் படிப்பாள் என்று நினைத்திருப்பீர்கள். பயப்படாதீங்க, இன்றைக்கு அது இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லும்படி தலைவி அக்கா கேட்டுக்கொண்டார்கள்.

எங்க அப்பாவோட தாத்தா வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். மழை பொய்த்த ஒரு வருஷம் சென்னைக்குப் போய்க் கப்பல் ஏறினார். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்கிற இடத்துக்கு. அப்போது என் தாத்தா கைக்குழந்தை. "கரும்பு வெட்டப் போனார், திரும்பி வரலை." எங்கள் வீட்டில் சொன்னது இவ்வளவுதான்.

ஊர் இதோடு விடுமா? "அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கிட்டான்" என்று பேசியது. கொள்ளுப்பாட்டி அந்தப் பேச்சோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. ஆனால் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்றால் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்வாராம். நலங்கு வைக்கக் கூப்பிடவும் யோசிப்பார்கள், வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. இதெல்லாம் என் அத்தை சொல்லித் தெரியும். அத்தைக்கு எண்பத்தைந்து தாண்டியாச்சு. பாட்டி மடியில் வளர்ந்தவங்க. "அந்த மனுஷன் என்ன ஆனான்னு தெரியாமயே நானும் போயிடுவேன் போல" என்பாங்க.

சில வருஷத்துக்கு முன்னால் டர்பனிலிருந்து ஒரு அம்மா நம் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு முழுக்க ஆங்கிலம். தன் முன்னோர் ஊரைத் தேடி வந்தவர். கையில் ஒரு தாள். அதில் இருந்த ஊர்ப் பெயரை யாராலும் படிக்க முடியவில்லை. வந்தவாசியையே வெள்ளைக்காரன் 'வாண்டிவாஷ்' என்று எழுதினவன், சின்னக் கிராமத்தை எப்படி எழுதியிருப்பான்? நமக்குத்தான் இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு குக்கிராமமும் குழுப் பெயரோடு அத்துபடி ஆச்சே. கல்லூரியில் படிக்கும் என் மகளை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லி, நான் வாயில் உருட்டிப் பார்த்து, கடைசியில் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா வேப்பமரத்தடியில் நின்று அழுதுவிட்டார்.

திரும்பும்போது, "உங்கள் வீட்டில் யாராவது போனார்களா?" என்று கேட்டார். அப்படித்தான் இது ஆரம்பித்தது.

1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ என்ற முதல் கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிய பட்டியல்கள் டர்பனில் பல்கலைக்கழக ஆவண மையத்தில் இருக்கின்றன. எழுதினவன் நமக்காக எழுதவில்லை. ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினான். அதுதான் இன்றைக்கு நமக்கு உதவுகிறது.

எங்களுக்கு முதல் தடங்கல் பெயர். பாட்டி புருஷன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. ஆனால் என் அப்பாவை மட்டும் பெயர் சொல்லாமல் "தம்பி" என்றே கூப்பிட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தாத்தா பெயரைத்தான் வைத்திருந்தார்கள்! அப்பா பெயரே கொள்ளுத்தாத்தா பெயர் என்று தெரிந்தது. அவருடைய அப்பா பெயர் பழைய நிலப் பத்திரத்தில் கிடைத்தது. என்றாலும் இரண்டு பெயருமே எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உள்ள பெயர்கள். பட்டியலில் அதே மாதிரி பலர் இருந்தார்கள்.

அப்போது அத்தை சொன்னாங்க: "மாட்டுப் பொங்கலன்னிக்கு மாடு முட்டி வலது புருவம் கிழிஞ்சிருந்ததாம். பாட்டி சொல்லும்." மகள் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். வயது 23. வலது புருவத்தில் தழும்பு. ஊர்ப் பெயர் கோணல் மாணலாக இருந்தாலும் எங்கள் ஊர்தான். எனக்குக் கை நடுங்கியது.

ஆள் எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த எண்தான் அவருடைய எல்லாக் காகிதத்திலும் கூடவே வரும். டர்பன் அம்மா ஊருக்குப் போய் அந்த எண்ணை வைத்துத் தேடினார். மூன்று மாதம் கழித்து போனில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். கரும்புத் தோட்டமே இல்லை. நேட்டாலின் வடக்கே டண்டி பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கம். போய்ச் சேர்ந்த மூன்றாவது வருஷம், மேலிருந்து பாறை விழுந்து இறப்பு. ஒரே வரி.

கரியை வெட்டிக்கொண்டே போகும்போது மேல்பாறை இறங்காமல் இருக்க மரத்தை முட்டுக் கொடுப்பார்களாம். முட்டு தாங்காவிட்டால் அவ்வளவுதான். கிணறு வெட்டுகிற வீட்டுப் பெண்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

உயிரோடு இருந்திருந்தாலும் சுலபம் இல்லை. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் வருஷம் 3 பவுண்டு தலைவரி. தோட்டக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளமே மாதம் 10 ஷில்லிங், அதாவது அரைப் பவுண்டு. ஆறு மாதச் சம்பளம் வரிக்கே போகும். 1913-ல் பெண்கள் 11 பேர், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய் இந்த வரியைப் பற்றிப் பேசினார்கள். ஆண்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல். மறு வருஷம் வரி எடுக்கப்பட்டது. தில்லையாடி வள்ளியம்மை பெயர் நமக்குத் தெரியும். இந்தப் பதினொரு பேரைப் பற்றி எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "அப்போ விட்டுட்டுப் போகலை" என்றாங்க. அப்புறம், "நல்ல வேளை, பாட்டிக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா இருபது வயசுல பொட்டை அழிச்சு மூலையில உட்கார வெச்சிருப்பாங்க" என்றாங்க. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதைச் சொல்லாமலேயே இருந்திருக்கலாமோ என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஆனால் காலையில் அத்தையே கூப்பிட்டு, "ஆடி அமாவாசை எப்போ?" என்று கேட்டாங்க.

செத்தாரா, இருக்காரா என்றே தெரியாததால் எங்கள் வீட்டில் அவருக்குப் படையல் போட்டதே கிடையாது. அந்த வருஷம்தான் முதல் தடவை இலை போட்டோம். பக்கத்தில் பாட்டிக்கும் ஒரு இலை. பாட்டி இலையில் பூவும் குங்குமமும் வைக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாகச் சொல்லிவிட்டாங்க. பங்காளிகள் முணுமுணுத்தார்கள். வைத்தோம்.

உங்கள் வீடுகளிலும் நேட்டால், மொரீஷியஸ், ஃபிஜி என்று போய் வராதவர்கள் இருப்பார்கள். வயதானவர்களிடம் பெயரோடு தழும்பு, மச்சம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பழைய பத்திரம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் நான் அலுவலகத்தில்தான் இருப்பேன். தவணையையும் அன்றைக்கே கட்டிவிடலாம்.