கையெழுத்தும் ஒரு பாடம்

(காரமடை வட்டார ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் ஒருநாள் பெண்களின் சொத்துரிமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 1929-ஆம் ஆண்டு செங்கல்பட்டில் பெரியார் கூட்டிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல் கலைஞர் அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் கிடைத்தது. 2005-இல் நாடு முழுமைக்கும் அந்த உரிமை வந்தது. இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

"மிஸ், உங்க பங்கை நீங்க வாங்கிட்டீங்களா?"

"இல்லை" என்றேன்.

அப்பா காலமான பிறகு, தோட்டத்தில் எனக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். யாரும் மிரட்டவில்லை. அண்ணன் நல்லவர், என் மகளின் சீருக்கு முன்னால் நின்று செய்தவர். "பொறந்த வூட்டுக்குப் போக்குவரத்து வேணுமில்ல கண்ணு" என்றார் அம்மா. 'நகை போட்டு, சீர் செய்துதானே அனுப்பினார்கள்' என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

சட்டம் கொடுத்ததை வழக்கம் திரும்ப வாங்கிக்கொண்டது.

ஆணாதிக்கம் என்றதும், குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஒருவன்தான் நம் நினைவுக்கு வருகிறான். அவனும் அதில் அடக்கம். ஆனால் ஆணாதிக்கம் என்பது தனி மனிதரின் குணம் மட்டுமன்று. அது ஒரு சமூக அமைப்பு. நிலம், குடும்பப் பெயர், முடிவெடுக்கும் உரிமை ஆகியவை தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும்படி அமைந்த ஏற்பாடு. களை எடுப்பதும் பால் கறப்பதும் பெண். பட்டா ஆண் பெயரில் இருப்பதால் விவசாயி என்ற பெயர் அவருக்கு. இந்த ஏற்பாடு நடக்கக் கெட்டவர்கள் தேவையில்லை. பாசமுள்ள அண்ணனும், கவலைப்படும் அம்மாவும், படித்த மகளும் போதும். ஆண்பிள்ளை அழக்கூடாது, குடும்பச் சுமை முழுவதும் அவன் தலையில் என்பதும் இதே ஏற்பாடுதான்.

நம் பள்ளிகளைப் பாருங்கள். விருந்தினருக்குத் தட்டு ஏந்தப் பெண் குழந்தைகள். மேசை தூக்க ஆண் குழந்தைகள். வகுப்பறை கூட்டுவது யார்? பல ஆண்டுகளாக அப்படிப் பணித்தவள் நான்தான். அந்த மாணவி கேட்ட பிறகு எங்கள் வகுப்பில் எல்லா வேலைக்கும் வருகை எண் வரிசைப்படி முறை வைத்தோம். முதல் வாரம் சிரிப்பு இருந்தது. இரண்டாம் வாரம் துடைப்பம் மட்டும் இருந்தது.

என் கையெழுத்தை நான் அழிக்க முடியாது. ஆனால் என் மாணவிகள் நாளை ஒரு பத்திரத்தின் முன் உட்காரும்போது, அதைப் படித்துப் பார்த்து, போடுவதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் அண்ணனும் நம் மாணவன்தான். "உன் பங்கு உனக்கு, பொறந்த வீடும் உனக்கு" என்று சொல்ல அவனுக்கும் நாம் கற்றுத்தர வேண்டும்.