மோட்டாரும் விவரச் சீட்டும்

1834-ஆம் ஆண்டில் யாக்கோபி என்னும் ஜெர்மானிய அறிஞர், மின்கலங்களால் சுழலும் பொறி ஒன்றைச் செய்தார். அதன் திறனை உலகிற்கு அறிவிக்க நேர்ந்தபோது அவர் கூறியது மிக எளிது: பத்துப் பன்னிரண்டு பவுண்டு எடையை நொடிக்கு ஓரடி வீதம் இது தூக்கும் என்றார். இன்றைய அளவையில் அது சுமார் 15 வாட். ஐயமுற்றவர் எடைக்கல்லும் கயிறும் கொண்டு தாமே சோதித்துக்கொள்ளலாம்.

மாணவர்களே, இன்று உங்கள் உள்ளங்கையில் அடங்கும் 50 கிராம் மோட்டார் அதனினும் பல மடங்கு திறனுடையது. மாதிரி விமானங்களையும் டிரோன்களையும் பறக்கச் செய்வது இதுவே. ஆயினும் இதனோடு வரும் விவரச் சீட்டை யாக்கோபியின் சொல்லைப் போல் நம்பலாமா?

இவ்வகை மோட்டார்களில் பெரும்பாலானவை சீன நாட்டுத் தொழிற்சாலைகளில் உருவாகின்றன. வாங்கி விற்போர் தத்தம் பெயரை அச்சிட்டு விற்கின்றனர். ஒரே ஆலையின் அரிசி பல கடைகளின் பைகளில் ஏறுவதில்லையா, அதைப் போலத்தான். அதில் குற்றமில்லை. பெயரோடு எண்களும் மாறும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

என்னிடம் இயற்பியல் ஐயம் கேட்க வரும் கல்லூரி மாணவர் இருவர், வெவ்வேறு பெயருடைய இரண்டு மோட்டார்களைக் கொண்டுவந்தனர். மாதக்கணக்கில் சேர்த்த பணத்தில் வாங்கியவை. ஒன்றில் 2212 என்றும், மற்றொன்றில் 2830 என்றும் இருந்தது. முன்னது உள்ளே சுருள் சுற்றிய இரும்புப் பகுதியின் அளவு: 22 மில்லிமீட்டர் விட்டம், 12 மில்லிமீட்டர் உயரம். பின்னது வெளிக்கூட்டின் அளவு. தராசில் இட்டோம்; இரண்டும் ஒரே எடை. பிரித்துப் பார்த்தோம், இரண்டிலும் 12 பற்கள், 14 காந்தங்கள். ஆனால் ஒரு சீட்டு 150 வாட் என்றது. மற்றது 300 வாட் என்றது!

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று லித்தியம் கலங்களின் மின்னழுத்தம் 11.1 வோல்ட். 300 வாட் பெற வேண்டுமாயின் ஏறத்தாழ 27 ஆம்பியர் பாய்தல் வேண்டும். சுருளின் தடை 0.09 ஓம் என்று சீட்டே கூறுகிறது. மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்குங்கள். 65 வாட்டுக்கு மேல் சுருளில் வெப்பமாகவே போய்விடும். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். 150 வாட்டில் அவ்வெப்பம் நான்கில் ஒரு பங்கு, அதாவது 16 வாட் அளவே. காற்றாடியின் காற்று குளிர்விப்பதால் சில நொடிகள் எதையும் தாங்கும். எத்தனை நொடி என்பதைத்தான் சீட்டு சொல்லவில்லை. கிணற்றுப் பம்பு மோட்டாரின் தகட்டில் எழுதியிருப்பது தண்டில் கிடைக்கும் திறன். இச்சிறு மோட்டார்களின் சீட்டிலோ பெரும்பாலும் கலத்திலிருந்து உள்ளே செல்லும் திறனையே எழுதுகின்றனர். அதையும் மறவாதீர்கள்.

கே.வி. என்றோர் எண்ணும் உண்டு. அது கிலோவோல்ட் அன்று. சுமையின்றி ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதாகும். ஒரே உடலில் 1000, 1400, 2200 கே.வி. என மோட்டார்கள் விற்கின்றனர். கே.வி. இருமடங்காக வேண்டின், சுற்றுகளைப் பாதியாகக் குறைத்துக் கம்பியைத் தடிமனாக்குவர். நீளம் பாதி, குறுக்குப் பரப்பு இருமடங்கு. ஆகவே தடை கால் பங்காகிவிடும். 2200 கே.வி. மோட்டாரின் தடை 1000 கே.வி. மோட்டாரின் தடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருத்தல் வேண்டும். மூன்றுக்கும் ஒரே தடையை எழுதிய சீட்டை நீங்கள் கண்டால், அளந்து எழுதியதன்று, பார்த்து எழுதியது என்று அறிந்துகொள்ளலாம். பரீட்சை விடைத்தாள்களில் இவ்வித்தையை நான் பலகாலம் கண்டவன்.

மிகைச் சூட்டின் விளைவு விந்தையானது. இம்மோட்டார்களின் காந்தம் 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாவா என்பாரும், அமெரிக்காவில் வேறு ஆராய்ச்சியாளரும் தனித்தனியே கண்டறிந்த நியோடிமியக் காந்தம். அதன் சாதாரண வகை சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலிமை குன்றத் தொடங்கும். காந்தம் தளர்ந்த மோட்டார் சுமையின்றி முன்னிலும் வேகமாகச் சுழலும், இழுவிசையோ குறைந்துவிடும். ஆகவே, கே.வி. கூடியிருப்பது கண்டு மகிழ்வதற்கில்லை.

அம்மாணவர்களிடம் சுழற்சிமானியும் மல்டிமீட்டரும் இருந்தன. காற்றாடியைக் கழற்றச் செய்தேன். விரலைத் துண்டிக்க அது தயங்காது. 11.4 வோல்ட்டில் நிமிடத்திற்கு 10,500 சுற்று வந்தது. 1000 கே.வி. என்ற மோட்டார் 925-க்குச் சற்றே குறையவோ கூடவோ நின்றது. இது பொறுக்கத்தக்க வேறுபாடே. பின்னர் காற்றாடியைப் பூட்டி, வலைக்கம்பிக்கு அப்பால் நின்று, 11 ஆம்பியரில் ஓட்டினோம். ஒரு நிமிடத்தில் கூடு கைபொறுக்காத சூடாயிற்று. 300 வாட் சோதனைக்கு நான் உடன்படவில்லை.

விற்றவருக்கு ஒரு மாணவர் கடிதம் எழுதினார். தொழிற்சாலை அனுப்பிய எண்களையே அச்சிடுவதாகவும், தாங்கள் அளப்பதில்லை என்றும் மறுமொழி வந்தது. அம்மாணவர் சிறு காகிதத் துண்டில் 925 என்றும், 11 ஆம்பியர், ஒரு நிமிடம் என்றும் எழுதி, அன்றைய தேதியிட்டு, மோட்டாரின் அடியில் ஒட்டிக்கொண்டார்.