பாட்டு, கபடி, சேலை



சின்ன வயசுல எனக்குக் கும்மிப் பாட்டும் கபடியும்தான் உசுரு. வயசுக்கு வந்ததும் ரெண்டையும் நிறுத்திட்டாங்க. 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினப்ப, டிவி முன்னாடி அழுதேன். அவர் அம்மா காய்கறி வித்து வளர்த்த பிள்ளை!

அப்புறம் குழுக் கடன்ல இளம்பிள்ளைச் சேலை எடுத்து, வாட்ஸ்அப்பில் விக்கப் பழகினேன். முதல் மாசமே ஒருத்தன், “பணம் அனுப்புறேன், பின் நம்பர் போடுங்க”ன்னான். போட்டேன், 2,000 ரூபாய் போச்சு. பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை, மறந்துடாதீங்க.

இப்போ கும்மிப் பாட்டோடதான் சேலை வீடியோ போடுறேன். மகள் கபடி ஆடுறா. நான் நிறுத்தமாட்டேன்.